ஐந்து நிமிடம் லேட்

நெமிலிச்சேரியில் மாடி அறைத் தம்பி ஒருவர் நிஃப்டி ஃபியூச்சருக்கு ரோபோ வைத்திருக்கிறார். சிக்னல் 9.20-க்கு வந்தால் ஆர்டர் 9.25-க்குப் போகிறது. பிராட்பேண்டை மாற்றினார். ரவுட்டரை ஜன்னலோரம் வைத்தார். கடைசியில் அதற்கு எலுமிச்சம்பழமும் கட்டினார்.

லாகைத் திறந்து பார்த்தால், புரோகிராம் 5 நிமிட கேண்டில் முடிந்த பிறகுதான் கணக்கே போடுகிறது. அப்படி எழுதியதும் அவரேதான்.

"அப்ப நெட்டு மேல தப்பில்லையாண்ணா?" என்றார், ஏமாற்றத்தோடு.

மிச்சத் தாமதத்துக்கு மருந்தில்லை. பங்குச் சந்தையான என்.எஸ்.இ. இருக்கும் மும்பை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளிக்கே ஒரு வழிக்கு 5 மில்லிசெகண்டு வேண்டும். காசுள்ளவர்கள் அதையும் மிச்சம் பிடித்தார்கள். 2010 வாக்கிலேயே என்.எஸ்.இ. வளாகத்துக்குள் வாடகைக்குச் சர்வர் வைத்துவிட்டார்கள். அங்கேயும் விடவில்லை: சில வருஷம் முதலில் லாகின் செய்தவருக்கே விலைத் தகவல் முதலில் போனது. முந்தியவர்கள் யார், எப்படி என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விசாரித்தது.

2022 பிப்ரவரியில் செபி போட்ட ஆணை இன்னொன்றும் சொன்னது: சந்தையின் முன்னாள் தலைமை அதிகாரி இமயமலை யோகி ஒருவருக்கு ரகசியத் தகவல்களை மெயிலில் அனுப்பினாராம். அந்த மெயில் லேட்டாகப் போனதாக மட்டும் யாரும் புகார் சொல்லவில்லை.