நெட்டையன் பின்னாடி நிக்கட்டும்

கால்பந்தில் ஆசைப்பட்டு பேக் ஆட வருகிறவர்கள் குறைவு. அனுப்பி வைக்கப்படுகிறவர்களே அதிகம். என்னை அனுப்பியது என் உயரம். "நெட்டையா இருக்கான், ஸ்டாப்பர்ல போடு" என்று சாந்தோமில் ஓர் அண்ணன் சொன்னார். கோல் அடிக்கும் ஆசை அன்றோடு தீர்ந்தது.

எங்கள் மைதானம் பட்டினப்பாக்கம் கடற்கரை. கோல்போஸ்ட் என்றால் இரண்டு ஜோடி செருப்பு. அதில் ஒரு ஜோடி என்னுடையது. அணிக்கு நான் செய்த உருப்படியான உதவி அதுதான். செருப்பு வைத்த இடத்தைவிட்டு நகராது, நான் நகர்ந்துவிடுவேன். நொச்சிக்குப்பத்துப் பையன்கள் மணலில் தார் ரோட்டில் ஓடுவதுபோல ஓடுவார்கள். நான் கணுக்கால் புதைய நின்று அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் தடுப்பாட்டம் சூடு பிடிப்பது பந்து உள்ளே போன பிறகுதான். "மேலடா! செருப்புக்கு மேல போச்சு!" குறுக்குக் கம்பி இல்லாத கோலில் இது பெரிய வசதி. எனக்கே கை எட்டாது என்று நான் சொன்னால் வேறு யாருக்கு எட்டும்? என் உயரத்தால் எங்கள் அணிக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

ஸ்டாப்பர் தலையால் முட்டத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். எனக்கோ பந்து நெருங்கினால் கண் தானாக மூடிக்கொள்ளும். ஒரு கார்னரில் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு எகிறினேன். கைதட்டல் கேட்டுத் திறந்து பார்த்தால், தட்டியது எதிரணி. சேம் சைடு கோல். தலை நரைத்த பிறகும் லஸ் பக்கம் பார்க்கும் பழைய நண்பன், "என்ன சேம் சைடு, சௌக்கியமா?" என்றுதான் விசாரிக்கிறான்.

2014இல் இத்தாலியின் பேக் மார்க்கோ மாட்டெராஸி சென்னைக்கு வந்தார். ஐ.எஸ்.எல். முதல் சீசனில் சென்னையின் எஃப்.சி.க்கு ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. வயது 41. பிரான்சின் ஜிடான் தலையால் நெஞ்சில் முட்டிச் சாய்த்தது இவரைத்தான். பலருக்கு அந்த முட்டு மட்டும்தான் ஞாபகம். 2006 உலகக் கோப்பையின் பெர்லின் இறுதியாட்டத்தில் பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்தது மாட்டெராஸியின் ஃபவுலால்தான். 7ஆவது நிமிடத்தில் ஜிடான் அதை கோலாக்கினார். 19ஆவது நிமிடத்தில் பிர்லோவின் கார்னரை முட்டி 1-1 ஆக்கியதும் மாட்டெராஸிதான். கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டிலும் ஒன்று அடித்தார். இத்தனைக்கும் அந்த உலகக் கோப்பைக்கு அவர் மாற்று ஆட்டக்காரராகப் போனவர். செக் குடியரசுடன் ஆடும்போது சக பேக் நெஸ்டாவுக்கு அடிபட, உள்ளே வந்து அன்றும் கோல் போட்டார். ஆட்டத்தை விட்டிருந்த அந்த நெஸ்டாவும் 2014 சீசன் கடைசியில் சென்னைக்காக ஆட வந்து சேர்ந்தார். 2000–01இல் பெருஜாவுக்காக ஒரே சீசனில் 12 லீக் கோல் அடித்த பேக் மாட்டெராஸி. எனக்கும் கோல் கணக்கு உண்டு, எதிரணியின் கணக்கில்.

பின்னால் செய்த பாவத்தை முன்னால் போய்த்தான் தொலைக்க வேண்டும் என்று நேரு ஸ்டேடியம் கேலரியில் உட்கார்ந்து பாடம் படித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்குக் கிடைத்த கார்னருக்கு நானும் முன்னே ஓடினேன். பந்து எதிரணிக்குப் போய்விட்டது. மூச்சிரைக்க நான் திரும்புவதற்குள் அவர்கள் கோல் அடித்து, கட்டிப்பிடித்துக் கொண்டாடி, பந்தை நடுவில் வைத்துக் காத்திருந்தார்கள். "இருங்கடா, அண்ணன் வரட்டும்" என்று மரியாதை காட்டியதும் எதிரணிதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நடக்க வேண்டிய ஐ.எஸ்.எல். அரையிறுதி புனேக்குப் போனது. அதையும் ஜெயித்து 20ஆம் தேதி கோவாவில், கோவா அணியுடனேயே இறுதியாட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1. டிவியை அணைக்கச் சொல்லி வீட்டில் உத்தரவு. 90ஆவது நிமிடத்தில் பந்து கோவா கீப்பர் மேலேயே பட்டு உள்ளே போனது. சேம் சைடு! இஞ்சுரி டைமில் சென்னையின் மென்டோசா இன்னொன்று போட, 3-2. சென்னைக்கு முதல் கோப்பை. லஸ் நண்பனுக்கு உடனே ஃபோன் போட்டேன். "பாத்தியா, ஊருக்கே கோப்பை வாங்கிக் குடுத்தது சேம் சைடு!"

"நீயும் கோவாவுக்குப் போய் இதைச் சொல்லு, மாலை போடுவாங்க" என்று வைத்துவிட்டான்.

இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. கடற்கரைக்குப் போனால் வேடிக்கை பார்ப்பதோடு சரி. சமீபத்தில் போஸ்ட்டாக வைத்திருந்த செருப்பை நாய் கவ்விக்கொண்டு போய்விட, "அண்ணா, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்கண்ணா" என்று பையன்கள் கூப்பிட்டார்கள். நகரக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரு பந்து என் தொடையில் பட்டு உள்ளே போனது. ஒருத்தரும் திட்டவில்லை. போஸ்ட்டில் பட்டு உள்ளே போனால் அது சேம் சைடில் சேராதாம்.