அண்ணன் வருகிறார், வரிசையில் நில்லுங்கள்!

சென்னை ஓஎம்ஆர் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் ஜனவரி பிறந்தால் ஏழைப் பிள்ளைகள்மேல் பாசம் பொங்கும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், 135ஆவது பிரிவு: பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். மார்ச் 31 நெருங்க நெருங்க, செலவாகாத பணம் தொண்டையை அடைக்கிறது. உடனே 'வழிகாட்டப்' புறப்பட்டுவிடுகிறார்கள்.

வெகுதூரம் போக வேண்டியதில்லை. நகரத்துக்குள் இருந்த குடிசைகளை இடித்து, 2000ஆம் ஆண்டு முதல் மக்களை அள்ளிக்கொண்டுவந்து இறக்கிய கண்ணகி நகர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஏசி வேன் வந்து நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், முதுகில் 'மென்டர்'. பிள்ளைகள் காலையிலிருந்தே வெயிலில் வரிசை கட்டி நிற்கிறார்கள். பேனர் கட்ட அரை மணி, போட்டோவுக்கு ஒரு மணி, வழிகாட்ட இருபது நிமிடம்.

"பெருசா கனவு காணணும் தம்பி!"

"அண்ணா, அடுத்த வாரமும் வருவீங்களா?"

"மெயில் போடு தம்பி."

அந்தத் தம்பியின் அம்மா, அண்ணன் ஆபீசில்தான் ஒப்பந்தக் கூலிக்குத் தரை துடைக்கிறார். லிஃப்ட் வாசலில் தினமும் அவரைத் தாண்டிப் போகும் அண்ணனுக்கு அவர் பெயர் தெரியாது. மகனின் எதிர்காலத்தைச் செதுக்குகிறவருக்கு அதெல்லாம் எதற்கு?

சரி, பையன் கனவு கண்டு, படித்து, விண்ணப்பமும் போடுகிறான் என்று வையுங்கள். முகவரியில் 'கண்ணகி நகர்' என்று பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள் என்று அந்த ஊர் இளைஞர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். பக்கத்திலுள்ள துரைப்பாக்கத்தை முகவரியாக எழுதிக்கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. வழிகாட்டும் கையும் வாசலை அடைக்கும் கையும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம்!

அமெரிக்காவின் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பில் வழிகாட்டி கிடைத்த பிள்ளைகளை ஆராய்ந்து கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002இல் எழுதினார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் உறவு அறுந்த பிள்ளைகளுக்கோ, வழிகாட்டியே கிடைக்காத பிள்ளைகளைவிடத் தன்மதிப்பு அதிகமாகச் சரிந்திருந்தது. மூன்று மாதம்! நம்மவர்களின் கடைசிக் காலாண்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. விட்டுப்போனவர்களையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து இன்னொருமுறை விட்டுப்போகிறீர்கள். அதற்குப் பெயர் சேவை, ஆண்டறிக்கையில் வண்ணப்படம்.

நீடித்த வழிகாட்டலுக்கும் கண்ணகி நகரிலேயே சாட்சி உண்டு. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார். பதக்கம் கழுத்தில் ஏறியதும் சால்வைகள் ஓடிவந்தன. அதற்கு முன்பு ஆண்டுக்கணக்கில் அந்த ஊர்ப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் எந்த வேனிலும் வந்து இறங்கியவரில்லை.

வருவதென்றால் வருடம் முழுக்க வாருங்கள். அம்மாவுக்குக் கூலியை உயர்த்துங்கள். முகவரியைப் பார்க்காமல் விண்ணப்பத்தைப் படியுங்கள். முடியாதா? அந்தப் பணத்தில் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுவிட்டுப் போய்ச் சேருங்கள். நீங்கள் திரும்பி வரவில்லையே என்று குழாய் ஏங்காது.