முட்டை பூசின சுவரும் முட்டை அட்டையும்

பேராண்டி, யூடியூப்ல பேசப்போறேன்னு மாடி அறை முழுக்க முட்டை அட்டையா ஒட்டி வச்சிருக்கியே, எட்டிப் பார்த்தேன். கோழி ஒண்ணுதான் பாக்கி.

எங்க ஐயா சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துச் சுவத்துல பூசினாரு. நீ முட்டையைத் தின்னுட்டு அட்டையைப் பூசுற. சரி, காலம் அப்படி. ஐயா தேச்ச தேப்புல சுவத்துல முகம் தெரியும். தரையில ஆத்தங்குடிக் கல்லு. பட்ட சத்தம் பட்டபடி திரும்பிடும். ஒருத்தன் தும்முனா வளவுல பத்துப் பேரு தும்முவான். அதனால உன் கவலையில ஞாயம் இருக்கு, அட்டையிலதான் இல்ல.

முட்டை அட்டையும் பழைய பேப்பர்க் கூழ்தான். ஆனா மெலிசு. சத்தம் நாருக்குள்ள புகுந்து, காத்து உரசி உரசிச் சூடாகித் தீரணும். அதுக்குக் கனம் வேணும். இந்த அட்டை கீச்சுக்குரலை வேணா லேசாப் பிடிக்கும். 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு ஒரு அலையே 11 அடி நீளம். அது உன் அட்டையைச் சட்டை பண்ணுமா? புதுவயல் ரைஸ்மில் சத்தம் உள்ள வராம மறிக்கிறது பேப்பர் வேலையே இல்ல, கனத்த சுவரோட வேலை. அதை ஐயா முடிச்சிட்டாரு. நீ சன்னலைச் சாத்து.

1895-ல அமெரிக்காவுல ஹார்வர்டு காலேஜ்ல வாலஸ் சாபின்னு ஒரு வாத்தியாருகிட்ட, எதிரொலி தாங்காத ஒரு வகுப்பறையைச் சரிபண்ணச் சொன்னாங்க. மனுசன் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில தூக்கியாந்து அடுக்கி அடுக்கி, எதிரொலி எவ்வளவு குறையுதுன்னு கணக்கெடுத்தாரு. உனக்குச் சீரா வந்த மெத்தை சும்மாதானே கிடக்கு?

இல்ல, பேப்பர்தான்னு பிடிவாதமா? அப்ப உங்க ஆயா பக்குவத்துல மட்டும் செஞ்சிராதே. அவ பேப்பரை ஊறவச்சு, வெந்தயம் போட்டு உரல்ல இடிச்சு, சட்டியைக் கவுத்து மேல அப்பிக் கூடை செய்வா. தட்டுனா டொக்குங்கும். துளையெல்லாம் அடைபட்டுப்போச்சுன்னு அர்த்தம். உனக்கு வேண்டியது நார் நாராப் பிரிச்சு, அமுக்காம, நாலு விரக்கடை கனத்துல நிரப்பின பலகை. சுவத்துக்கும் பலகைக்கும் நடுவுல கொஞ்சம் சந்து விடு. முகத்துல துணி கட்டு. அழகா இருக்கணும்னு பெயிண்ட் அடிச்சியோ, போச்சு. பத்தர் பட்டறை வெங்காரமும் போரிக் பவுடரும் கலந்துக்க. தீ சட்டுனு பத்தாது, கரையானும் யோசிக்கும். மழை ஒழுகுற பக்கம் வைக்காதே, பூசணம் பிடிக்கும்.

பேப்பருக்கு எங்க போவே? பரணையில இருக்கிற ஐயாவோட ரங்கூன் பேரேடு மேல நீ கண்ணு வச்சிருக்கேன்னு கேள்வி. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள புகுந்ததும், ஐயாகிட்டக் கடன் வாங்கினவன் முதலையும் முழுங்கினான், வட்டியையும் முழுங்கினான். அந்தக் காகிதம் இனிச் சத்தத்தை முழுங்கட்டும்னு நினைக்கிற. நினைச்சுக்க. ஊறப்போடுறதுக்கு முந்தி ரெண்டாம் பேரேட்டைக் கொண்டா. மேலவீட்டுக்காரங்க பாட்டன் கையெழுத்து அதுல இருக்கு. அவங்க வீட்டுல அடுத்த மாசம் கல்யாணம். பந்தியில முதல் வரிசை கிடைக்குமான்னு பார்க்கணும்.