அதான் ஓடுதுங்களே!

கோவையில் ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ எந்த பம்புப் பட்டறைக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்த்துவிடலாம். லேத்து சத்தத்தைக் காதால் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடும் மனிதர். அவருடைய கண்ணாடித் தடுப்பறைக்குள் ஒரு கணினி இருக்கும். மானிட்டர் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் பாதி உதிர்ந்து, குங்குமம் மட்டும் மிச்சமிருக்கும். டாலி, ஈ-வே பில், கரகரவென்று பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான். உள்ளே இருப்பது விண்டோஸ் 10. சர்வீஸுக்கு வரும் பையன், "அண்ணா, பதினொண்ணுக்கு மாத்திரலாங்ணா" என்று ஆரம்பித்தால் பதில் தயாராக இருக்கும்: "அதான் ஓடுதுங்களே தம்பி, எதுக்கு நோண்டோணும்?"

இவரைக் கஞ்சம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது பொருந்தாது. இதே மனிதர் பாங்க் லோன் போட்டு லட்சக்கணக்கில் சிஎன்சி மெஷின் இறக்குவார், கண் சிமிட்ட மாட்டார். இது ஒரு கொள்கை, அதுவும் அனுபவத்தில் விளைந்த கொள்கை. இரும்பு தேயும், தேய்ந்தால் சத்தம் போடும், சூடேறும், ஆட்டம் கொடுக்கும். அதுவரை கை வைக்காதே, வைத்தால் நல்லாயிருப்பதும் கெடும். மோட்டாரைப் பிரித்து வைண்டிங் கட்டியே ஊரான ஊரில் இந்தப் பாடத்தை யாரும் கேலி செய்ய முடியாது. கோளாறு என்னவென்றால், 2015-இல் வந்த விண்டோஸ் 10 தேய்வதே இல்லை. பத்து வருடம் கழித்தும் அதன் ஒரு வரிகூட மழுங்கவில்லை. பூட்டு அப்படியே இருக்க, கள்ளச்சாவி செய்யத் தெரிந்தவர்கள்தான் வருடத்துக்கு வருடம் பெருகுகிறார்கள். மாதாமாதம் பூட்டின் உள்ளமைப்பை இலவசமாக மாற்றிக் கொடுத்துவந்த மைக்ரோசாஃப்ட், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதை நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலையில் பட்டறைக் கணினி வழக்கம்போல் ஓடியது. பேரிங் போனால் கேட்கும் காதுக்கு இது கேட்காது.

"நம்முளுதுக்கு இன்டர்நெட்டே குடுக்கறதில்லீங்க" என்பது அடுத்த வாதம். அப்படியானால் ஈ-வே பில்? "அது போன்ல இருந்து ரெண்டு நிமிசம் குடுத்துட்டு ஆப் பண்ணிருவமுங்க." ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்வரும் பென்டிரைவை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. தைவானின் டிஎஸ்எம்சி, உலகத்துக்கே சிப் செய்து கொடுக்கும் கம்பெனி, 2018 ஆகஸ்டில் நம் அண்ணன் மாதிரியேதான் மாட்டிக்கொண்டது. புதிதாக வந்த ஒரு மெஷினில் மென்பொருள் ஏற்றும்போது வைரஸ் சோதனை விட்டுப்போனது. அதை ஆலையின் உள்வலையில் இணைத்ததும், பழைய விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் வரிசையாகப் படுத்தன. வந்தது வான்னாக்ரை வைரஸின் ஒரு வகை. அது 2017 மே மாதமே உலகத்தை ஆட்டிவைத்த வைரஸ். அதைத் தடுக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. அந்த மெஷின்களும் முதல் நாள்வரை நன்றாகத்தான் ஓடின.

சரி, பார்த்துவிடலாம் என்று அண்ணன் இறங்கிவந்தால் அது தனிக் காட்சி. பிசி ஹெல்த் செக் என்று மைக்ரோசாஃப்டே ஒரு கருவி இலவசமாகத் தருகிறது. விண்டோஸ் 11 ஏறுமா என்று ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடும். விற்கிறவன் கொடுக்கும் சான்றை அவர் நம்புவாரா? கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பார்ப்பதுபோல மூன்று பேரைக் கூட்டிவந்து மூன்று பக்கமும் சுற்றிப் பார்ப்பார். ராம் 4 ஜிபி வேண்டும், இருக்கிறது. டிஸ்க் 64 ஜிபி வேண்டும், தாராளமாக இருக்கிறது. பிறகு பல்லைப் பிடித்துப் பார்க்கிற கட்டம்: பிராசஸர் எத்தனையாவது தலைமுறை? இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவதிலிருந்துதான் சேர்த்தி. அதிலும் தேறினால் கடைசியாகச் சுழி. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல மாடாக இருந்தாலும் தள்ளுபடி. "புதுசு விக்கறதுக்கு வழி பண்றானுங்க" என்று அவர் கொதிப்பது இந்த இடத்தில்தான். நான் அவர் கட்சி. வேகத்தில் குறையில்லாத ஏழாம் தலைமுறைக் கணினியை, பல் பார்த்தே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பச் சொல்வதில் நியாயத்தைவிட வியாபாரம் கூடுதல்.

ஆனால் இங்கேயே அவர் எதிர்த்திசையிலும் ஏமாறுகிறார். 'தகுதியில்லை' என்று திரையில் வந்ததும் புதுக் கணினிக்கு விலை கேட்கக் கிளம்பிவிடுவார். பல கணினிகளில் சுழி இருக்கும், தூங்கிக்கொண்டிருக்கும். பயாஸுக்குள் போனால் இன்டெல்லில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் ஒரு சுவிட்ச் அணைந்து கிடக்கும். போட்டுவிட்டு மறுபடி சோதித்தால் அதே கருவி பச்சை டிக் காட்டும். மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் பியூஸைப் பார்க்கிற மனிதர், இதில் மட்டும் நேரே பெட்டியை மாற்றப் போகிறார்.

அவருடைய பயங்களில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் எதிர்வாதம் இல்லை. அந்தப் பிரிண்டர், எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய டிசைன் மென்பொருள், அதன் டாங்கிள், எடைமேடையிலிருந்து வரும் ஒயர் எல்லாம் புது விண்டோஸோடு ஒத்துப்போகுமா என்பதை எந்த ஹெல்த் செக்கும் சொல்லாது. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் உண்டா என்று விற்றவனிடம்தான் கேட்க வேண்டும். பையன் இதைப் பார்ப்பதே இல்லை, அண்ணன் பார்க்கிறார். அதற்காக அவருக்குத் தவணை வேண்டுமானால், விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் விலைக்குத் தருகிறது: தொழில் நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், இரண்டாம் ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. "இது மீட்டர் வட்டியால்ல இருக்குது" என்பார், சரியாகத்தான் சொல்வார். நான்காம் ஆண்டுக்கு விலையே கிடையாது. 2028 அக்டோபரோடு கடை மூடுகிறார்கள்.