வாதம் நடக்கட்டும், வேலையும் நடக்கட்டும்

கேள்வி: கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கும் எங்கள் தன்னார்வக் குழுவில், ஜ, ஷ முதலிய கிரந்த எழுத்துகள் வேண்டுமா என்ற சர்ச்சை ஓயவில்லை, வேலையும் நின்றுவிட்டது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: சர்ச்சை தீர்ந்தபின் தொடங்கலாமென்பது அலை ஓய்ந்து கடலாட நினைப்பதாகும். கணினியில் தமிழுக்கு எந்தக் குறிமுறை உத்தமமென்று அறிஞர்கள் பக்ஷம் பிரிந்து வாதாடிய காலத்திலேதான், 1998 பொங்கலன்று தோன்றிய மதுரைத் திட்டத்தில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலிய தன்னார்வலர்கள், ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் வெளியிட்டு, திஸ்கி என்ற குறிமுறையில் இருந்தவற்றைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டார்களேயன்றி, தீர்ப்பு வரும்வரை கைகட்டி இருந்தாரில்லை. வாதத்துக்கு ஒரு தேதி குறியுங்கள். அதற்குள் ஒருமைப்படாவிடில், அதிகம் உழைத்தவரின் முறையை அடுத்த வெளியீடு வரை ஏற்று, மறுபக்ஷத்தின் காரணங்களையும் எழுதி வையுங்கள். புதிதாக வந்த இளைஞர் அனுப்பிய பத்து வரித் திருத்தத்தை அன்றே பார்த்து இரண்டு வார்த்தை நன்றி சொல்லுங்கள். உற்சாகம் வாதத்தில் மடிவதைவிட அலட்சியத்தில்தான் அதிகம் மடிகிறது. அப்படியும் மனம் ஒவ்வாதவர் மூலநிரலைப் பிரதியெடுத்துத் தனியே செல்லட்டும். கட்டற்ற மென்பொருளின் உரிமமே அந்தச் சுதந்திரத்தை அளிக்கிறது. அரியலூர் 2001இல் உங்கள் மாவட்டத்தினின்று பிரிந்து, 2002இல் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்ததே, இரண்டு ஊருக்குமிடையே பஸ் நின்றா போயிற்று?