பொத்தான் வைக்காத சட்டை

நான் பிறந்ததும் முதலில் உடுத்தியது, ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலையில் தைத்த ஜபலா. இதை வெகுகாலம் நான் வெளியே சொன்னதில்லை. கூடப் படித்த பிள்ளைகளின் வீட்டுச் சுவர்களில், லேஸ் வைத்த கவுன் போட்டுக் குப்புறப் படுத்து, தலையைத் தூக்கிச் சிரிக்கிற குழந்தைப் படங்கள் சட்டம் போட்டுத் தொங்கும். எங்கள் வீட்டில் இருந்த என் ஒரே குழந்தைப் படத்தில் சேலையின் சுங்குடிப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். அந்தப் படத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தவள் நான்.

போன மாதம் என் மகள் அதை எடுத்துவிட்டாள். செல்போனில் படம் பிடித்துத் தோழிக்கும் அனுப்பிவிட்டாள். பெங்களூரில் இருக்கும் அந்தத் தோழிக்கு இது எட்டாம் மாதம். "அம்மா, இதே மாதிரி நாலு தைச்சுக் குடும்மா. புதுத்துணி வேண்டாமாம். வீட்டுல இருக்கிற பழைய துணியிலதான் வேணும்னு ஆசைப்பட்டுக் கேக்கிறா" என்றாள். நான் ஒளித்து வைத்த ஒன்றை யாரோ ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மா ஞாபகமாகவே இருந்தது.

எங்களுக்கு ராஜபாளையம். பக்கத்தில் சத்திரப்பட்டி. அங்கே தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணிக்குப் பேர் போன ஊர். என் சித்தப்பா அங்கே விசைத்தறி ஓட்டினார். துணி அறுத்தபின் மிஞ்சும் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, துண்டில் முடிந்துகொண்டு வருவார். தறியிலிருந்து இறங்கிய காடாத்துணி பழுப்பாக இருக்கும். தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடும், உள்ளே இறங்காது. பாவுக்குப் போட்ட கஞ்சியும், பஞ்சிலேயே இருக்கிற மெழுகும் அதற்குக் காரணம். அம்மா அதை அண்டாவில் சலவைச் சோடா போட்டு வேகவைப்பாள். அலசி, வெயிலில் காயவைத்து, மறுநாளும் வேகவைப்பாள். மூன்றாம் தடவை காய்ந்ததும் துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். சொட்டு நிற்காமல் இறங்கினால், "ம், இப்பத் தண்ணி குடிக்குது" என்பாள். இரண்டு மடிப்பாக வைத்து ஓரம் அடித்தால், பச்சைப் பிள்ளையைச் சுற்றி எடுக்கிற துணி தயார்.

இன்றைக்குக் கடைகளில் மஸ்லின் ஸ்வாடில் என்று அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்களே, பல கடைகளில் அது இதே இரண்டடுக்குக் காஸ் துணிதான். மேலே யானையும் நிலாவும் அச்சடித்திருக்கும். நல்ல துணி. காற்றுப் போகும், ஈரம் உறிஞ்சும், குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் தடவை அதைக் கையில் வாங்கியபோது என் விரலுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. சித்தப்பாவின் துண்டு முடிச்சும் அம்மாவின் அண்டாவும் கண்ணில் வந்து நின்றன.

அம்மாவிடம் ஓர் உஷா மிஷின் இருந்தது. அதற்குப் பக்கத்து ஆணியில், கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை ஒன்று தொங்கும். வெட்டி மிஞ்சியதெல்லாம் அதற்குள் போகும். ரூபியா ரவிக்கைத் துண்டு, அப்பாவின் பாப்ளின் சட்டையில் மிச்சம், எங்கள் பாவாடையில் மிச்சம், கிழிந்த வேட்டியின் நல்ல பாகம். பை நிறைந்ததும் ஒரு மத்தியானம் தரையில் கொட்டிப் பிரிப்பாள். பருத்தி ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். பருத்தியிலும் உடுத்திப் பழசானது தனி. அதுதான் பிள்ளைத்துணி. சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். கையகலம் இருந்தால் வாய் துடைக்க. விரலகலம் என்றால் நாடாவுக்கு. அதற்கும் சிறியது தலையணைக்குள் திணிக்க. வேட்டிக் கிழிசலின் கடைசித் துண்டு விளக்குக்குத் திரியாகும். தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், குளித்துவிட்டு அம்மா கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் பைக்குள்ளிருந்து வந்ததுதான்.

பேர் வைக்கிற வரைக்கும் பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏன் என்று கேட்டால் தீட்டு என்பார்கள், கண்ணேறு என்பார்கள். ஆச்சி சேலையில் கிடந்தால் ஆச்சியின் ஆயுசு கிடைக்கும் என்பார்கள். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், சாயத்தின் மிச்சம் இருக்கும், மடிப்பு உறுத்தும். நூறு தடவை துவைத்து உலர்ந்த சேலையில் இவை ஒன்றும் இராது. அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் இதைக் கண்டிருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஜபலா தைப்பது பார்வைக்குச் சின்ன வேலை. பிறந்த பிள்ளையின் தலைச்சுற்று 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். மார்புச்சுற்று அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆகவே தலைவழியாகப் போடுகிற சட்டை அந்த வயதுக்கு ஆகாது. கழுத்து நிற்காத பிள்ளையை அலைக்கழிக்கும். அம்மா முன்பக்கம் முழுக்கத் திறந்து விடுவாள். மல்லாக்கப் படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு முதுகில் முடிச்சு வரக் கூடாது என்பாள். கையும் உடம்பும் சேர்ந்த ஒரே வெட்டு, 10 அங்குல உயரம், தோளில் தையலே கிடையாது. பக்கத் தையல் இரண்டும் சட்டைக்கு வெளியே வரும். பிசிறு தெரியாமல் மடித்து அடித்திருப்பாள். பார்க்கிறவர்கள், "சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீக" என்பார்கள். "சட்டை புள்ளைக்குத்தான, பாக்குறவுகளுக்கு இல்லையே" என்பாள் அம்மா. மல் துணி தைக்கும்போது மிஷினில் 11 நம்பர் ஊசிதான் மாட்டுவாள். தடித்த ஊசி போட்டால் துணியில் ஓட்டை விழும். பொத்தான் வைக்க மாட்டாள். பிய்ந்தால் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். கிராஸாக வெட்டிய துணியில் நாடா. அதுவும் கட்டி முடிந்தபின் ஒரு விரல் நீளத்துக்கு மேல் தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றிவிடும். இவ்வளவு யோசித்துத் தைத்த ஒன்றைப் பார்த்து நான் கூச்சப்பட்டிருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிது. 1985. சொந்தக்காரர் வீட்டில் முதல் பேரன் பிறந்திருந்தான். பிள்ளை பார்க்கப் போகும்போது அம்மா நாலு ஜபலாவும் ஆறு இடுப்புத் துணியும் மடித்துத் தாளில் சுற்றிக்கொண்டாள். எனக்கு அதைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. வழியில் இறங்கி, நைலான் வலையும் பூவும் வைத்த கவுன் ஒன்றைப் பெட்டியோடு வாங்கினேன். அந்த வீட்டில் பெட்டி கைமாறிக் கைமாறி எல்லோர் கண்ணிலும் பட்டது. அம்மாவின் பொட்டலம் ஜன்னல் திண்டில் பிரிக்காமலே இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பேர் வைக்கும் விசேஷத்துக்குப் போனோம். கூடத்தில் ரேடியோ பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் அம்மா தைத்த ஜபலா. நாடாகூட அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. அம்மா பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது, "நல்ல பருத்தி, நல்லாத் துடைக்கும்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பொட்டலத்தை அங்கே தாழ்த்தியவள் நான். என் கையிலிருந்த பெட்டிதான் அதைத் தாழ்த்தியது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வருஷங்களிலேயே மஞ்சப்பையும் மாறிவிட்டது. நைலக்ஸ் சேலை, பாலியஸ்டர் சட்டை, டெரிகாட்டன் சீருடை. துவைக்கச் சுலபம், கசங்காது, பெண்களுக்கு வேலை மிச்சம். அம்மாவும் விரும்பித்தான் உடுத்தினாள். ஆனால் தரையில் பிரித்தால் பருத்திக் குவியல் சிறுத்துக்கொண்டே வந்தது. நைலக்ஸில் தூளி கட்ட முடியாது, வேர்க்கும். அதில் ஈரம் துடைக்க முடியாது, வழுக்கும். பிறகு ரெடிமேட் வந்தது. வீட்டில் வெட்டினால்தானே மிச்சம்? மிஷினுக்கு உறை போட்டு, அதன் மேல் டெலிபோன் வைத்தோம்.

மகள் கேட்டதும் நான் செய்த முதல் வேலை, வீட்டில் பருத்தி தேடியதுதான். பருத்தி என்று நம்பி வாங்கிய நைட்டிகளில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்தது உருகிக் கறுப்பு முடிச்சாகும். மூன்றில் இரண்டு முடிச்சாகிவிட்டன. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் அவருடைய பழைய நாலு முழ வேட்டிகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். முழங்கால் படுகிற இடம் சல்லடையாகத் தேய்ந்திருந்தது. ஓரங்கள் வெண்ணெய் மாதிரி இருந்தன.

திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் என் தம்பியும் ஒரு பை வெட்டுத்துண்டுகள் அனுப்பினான். அங்கே பனியன் துணி வெட்டி மிஞ்சுவது கிலோக் கணக்கில் விலை போகிறது. ஒரு பாகம் ஓப்பன் எண்ட் மில்களில் திரும்பப் பஞ்சாகி நூலாகும். ஒரு பாகம் ஒர்க்‌ஷாப்களில் கிரீஸ் துடைக்கும். "அக்கா, இது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை வெட்டினதுல மிஞ்சின துணி. நம்ம பிள்ளைக்கு ஆகாதா?" என்று கேட்டான். ஆகும். இரண்டு தடவை துவைத்து, பால் பாயிண்ட் ஊசி மாட்டித் தைத்தால் அருமையாக வரும். சாதாரண ஊசி பனியன் துணியின் கண்ணியை அறுத்துவிடும். அதில் மூன்று தொப்பி தைத்தேன்.

பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவின் மஞ்சப்பையிலிருந்து வந்த கடுகுத் தலையணையும் ஒட்டுத்துணிப் போர்வையும் எங்கள் தெருவில் எல்லாத் தொட்டிலிலும் கிடந்தன. என் மகளும் அதில் தூங்கியவள்தான். ஆனால் முதல் ஒரு வருஷத்துக்குத் தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் தலையணையோ, தளர்ந்த போர்வையோ, பொம்மையோ இருக்கக் கூடாது, மூச்சு முட்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் அவற்றை நான் தைப்பதில்லை. பொத்தானைப் பற்றி அத்தனை பயந்த அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால், மறுபேச்சில்லாமல் தலையணையை எடுத்திருப்பாள்.

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவரின் மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானபோது பெட்டகம் ஒன்று கொடுத்தார்கள். 2015-ல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய திட்டம், 16 பொருள்கள். அதற்குள் பிள்ளைக்குச் சட்டை, துவாலை, சின்ன மெத்தை, கொசுவலை, தாய்க்குச் சுண்டி லேகியம் எல்லாம் இருக்கும். தெருவுக்கு ஒரு தையல்காரி செய்ததை ஊர் முழுக்கச் செய்கிற ஏற்பாடு அது. அந்தச் சட்டையையும் நான் கையில் எடுத்து, தையல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம். அந்தப் பெண்ணிடம், "முதல் ரெண்டு வாரம் திருப்பிப் போடும்மா" என்றேன்.

நாலு ஜபலாவும் தைத்து முடிந்தது. மூன்று வேட்டியில் வந்தவை. நாலாவதை அம்மாவின் சுங்குடிச் சேலையில் தைத்தேன். அவள் போனபின் வெட்ட மனமில்லாமல் பதினேழு வருஷம் வைத்திருந்த சேலை. கத்தரி வைக்குமுன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். மகள் அவற்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "தையல் வெளியே வந்திருக்கேம்மா" என்றாள். காரணம் சொன்னேன். அதைத் தோழிக்கு ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்தாள். பழைய குழந்தைப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டோம்.

உங்களுக்கு வேண்டியவர்கள் யார் வீட்டிலாவது பிள்ளை பிறக்கப்போகிறதென்றால், கடைக்குப் போகுமுன் பீரோவை ஒரு தடவை திறந்து பாருங்கள். கிழிந்தது என்று ஒதுக்கிய பருத்தி வேட்டி ஒன்று இருக்கும். வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். தையலை வெளியே விடுங்கள். பொத்தான் வேண்டாம், நாடா போதும். தேய்ந்த இடத்தை ஒதுக்கிவிட்டாலும் ஒரு நாலு முழ வேட்டியில் ஆறு ஜபலா தாராளமாக வரும்.