புதுச்சத்திரத்தில் பிள்ளை வளர்ப்பது எப்படி? ஓர் எளிய செயல்முறைக் கையேடு

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, ஐந்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு குடியிருக்கும் அனைவருக்கும் இந்தக் கையேடு பொருந்தும். இதில் உள்ள முறைகள் எல்லாம் பல வீடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. எதுவும் பலித்ததாகத் தகவல் இல்லை. வேறு முறைகளும் கைவசம் இல்லாததால் இவற்றையே பின்பற்றவும்.

தேவையான பொருட்கள்

பிள்ளை – 1. (இரண்டு இருந்தால் மற்ற அளவுகளை நான்கு மடங்காக்கவும்.)

பழைய நூல் சேலை – 3. தூளி கட்ட ஒன்று, அது நனைந்தபின் மாற்ற ஒன்று, தரையைத் துடைக்க ஒன்று.

அப்பாயி – 1, அம்மாயி – 1. இருவரையும் ஒரே நாளில் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம். பிள்ளைக்குச் சளி பிடித்தது தலைக்கு ஊற்றியதாலா, ஊற்றாததாலா என்ற வழக்கு தீர்ப்பாகாமல் அடுத்த சளி வரைக்கும் இழுக்கும்.

உடையாத செல்போன் – 1. இன்னும் விற்பனைக்கு வரவில்லை. வரும்வரை இருப்பதை வைத்துச் சமாளிக்கவும்.

பொறுமை – கையிருப்பு எவ்வளவோ அவ்வளவு. அக்கம்பக்கத்தில் கடன் கிடைக்காது. அவர்கள் வீட்டிலும் பிள்ளை இருக்கிறது.

1. பழி சுமக்க ஆள் பிடித்தல்

முன்பெல்லாம் இது எளிது. பிள்ளை பிறந்ததும் ஒரு பெரியவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு வைப்பார். சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிள்ளை அமைதியாக இருந்தால் அந்தப் பெருமையை வீட்டாரே வைத்துக்கொள்வார்கள். டிவி ரிமோட்டைக் கழுநீர்த் தொட்டியில் போட்டால், “சேனை வெச்சது யாரு? அந்த ஆளு குணம் வராம எங்க போகும்!” என்று முடித்துவிடலாம். முப்பது வருடம் வரை செல்லுபடியாகும் பழி அது.

இப்போது அந்த வசதி போய்விட்டது. பிறந்த முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூடக் கூடாது, ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி, உடம்பையே தளர வைத்துவிடும். ஆகவே சேனையை விட்டுவிடவும். பழியை அப்பா வழி, அம்மா வழி என்று நாள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளவும்.

2. முட்டை ஊட்டும் முறை

நாமக்கல் மாவட்டக் கோழிப்பண்ணைகளில் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. கேரளத்துக்குப் போகிறது, கப்பலேறி வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு இங்கே நிர்ணயிக்கும் விலை ஐந்து காசு ஏறினாலும் இறங்கினாலும் மறுநாள் பத்திரிகையில் செய்தி. இவ்வளவு முட்டையை ஊரெல்லாம் தின்ன வைத்த மாவட்டத்தில், ஒரு முட்டையை ஒரு பிள்ளைக்குள் இறக்குவது எப்படி என்பதுதான் இந்தப் பகுதி.

முதல் படி: முட்டையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேக வைத்து, உரித்து, நான்காக நறுக்கவும். பிள்ளை “முழுசா வேணும்” என்று அழும். நறுக்கியதை ஒட்ட முடியாது. இன்னொன்று வேக வைக்கவும்.

இரண்டாம் படி: முழு முட்டையைக் கையில் கொடுக்கவும். பிள்ளை அதைத் தரையில் உருட்டும். கட்டிலுக்கு அடியில் போகும். நீங்களும் போகவும்.

மூன்றாம் படி: மஞ்சளையும் வெள்ளையையும் பிரிக்கவும். நேற்று வெள்ளைதான் பிடித்தது. இன்று மஞ்சள். நாளைக்கு எது என்பது ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் தெரியாது.

நான்காம் படி: தெருவுக்குத் தூக்கிப் போகவும். “ஏஞ்சாமி, ஒரே ஒரு வாய்டா. அங்க பாரு, லாரி வருது பாரு” என்று காட்டவும். லாரியைப் பார்த்து வாய் பிளக்கும் நொடியில் உள்ளே தள்ளவும். நெடுஞ்சாலை ஓரத்து ஊர் என்பதால் லாரிக்குப் பஞ்சமில்லை. டேங்கர் லாரிக்கு இரண்டு வாய், போர்வெல் வண்டிக்கு மூன்று வாய் இறங்கும். வண்டி போனதும் உள்ளே போனது அப்படியே வெளியே வரும்.

ஐந்தாம் படி: மிச்சத்தை நீங்கள் சாப்பிடவும். இந்த வட்டாரத்துத் தாய்மார்களுக்குப் புரதச்சத்துக் கிடைக்கும் முக்கிய வழி இதுதான்.

முக்கியக் குறிப்பு: இதே பிள்ளை பள்ளிக்கூடம் போனபின், சத்துணவு முட்டையைத் தானே உரித்து, தோடு ஒட்டாமல், உப்பு மிளகு கேட்காமல் தின்னும். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் முட்டை பிற்பாடு சேர்ந்தது. 2010-லிருந்து வாரத்தில் ஐந்து நாளும் உண்டு. 2022-ல் காலை உணவும் வந்தது. வீட்டில் தட்டோடு பறக்கும் அதே உப்புமா, அங்கே நாற்பது பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தால் சத்தமில்லாமல் காலியாகிறது. பக்கத்துப் பிள்ளை தின்கிறது என்பதைத் தவிர அதில் வேறு மருந்து கிடையாது. வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர், தெருப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்கவும். உங்கள் பிள்ளை சாப்பிடாவிட்டாலும் நான்கு பிள்ளைகள் சாப்பிட்ட புண்ணியம் சேரும்.

3. தூங்க வைக்கும் முறை

தூளியை விட்டத்தில் இறுகக் கட்டி, பிள்ளையைப் போட்டு ஆட்டவும். முதலில் தூங்குவது ஆட்டும் ஆள். பதற வேண்டாம், பிள்ளையே எழுப்பிவிடும்.

புதுச்சத்திரத்துப் பிள்ளையின் காது தனி ரகம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெங்களூருவிலிருந்து மதுரைக்குப் போகும் லாரி வீட்டு வாசலில் ஏர் ஹாரன் அடித்தாலும் அசையாது. நீங்கள் அடுக்களையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் எழுந்து உட்காரும். ஆகவே பலகாரங்களைப் பகலிலேயே பிரித்து டப்பாவில் போட்டு வைக்கவும். டப்பா மூடியையும் பகலிலேயே திறந்து வைக்கவும். எறும்பு வந்தால், அது சத்தமில்லாமல்தான் தின்னும்.

4. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறை

மூன்று வயதில் தொடங்கும். பதில் தெரியாத கேள்விகளைவிட, தெரிந்தும் சொல்ல முடியாத கேள்விகளே ஆபத்தானவை. சில மாதிரிகள்:

“புதன்சந்தையில ஏன் செவ்வாக்கெழம மாடு விக்கறாங்க?” பக்கத்து ஊர் மாட்டுச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் வரைக்கும் வந்து போகிறார்கள், ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நான்கு வயதுக்காரர் கேட்பார். “அப்பாவக் கேளு” என்று அனுப்பவும். அப்பா “தாத்தாவக் கேளு” என்பார். தாத்தா தூங்குவதுபோல் படுத்துக்கொள்வார். குடும்ப நிர்வாகம் இப்படித்தான் நடக்க வேண்டும்.

“ஆஞ்சநேயர் சாமிக்குச் சளி புடிக்காதா?” நாமக்கல் கோட்டையடியில் பதினெட்டு அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது, வெயிலும் மழையும் அவர் மேலேயேதான். மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று நேற்று முழுக்கக் கத்தியது நீங்கள். “அவரு சாமி” என்று சொன்னால், “நானும் சாமிதான, அம்மாயி என்னைச் சாமீன்னுதான கூப்புடுது?” என்று வரும். விவாதத்தை அத்தோடு நிறுத்தி, குடையை எடுத்துக்கொள்ளவும்.

அதே சன்னதியில் 1,008 வடைகள் கோத்த மாலை சாத்தியிருக்கும் நாளாகப் பார்த்து, வெறும் வயிற்றோடு பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். கூட்டமே கண்மூடி நிற்கும் நேரத்தில், “அந்த வடை, கீழ இருக்கற வடை, அதுதான் வேணும்” என்ற குரல் எழும். அர்ச்சகர் முதல் பூ விற்கும் அம்மா வரை திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளை இல்லை என்பதுபோல் நீங்களும் திரும்பிப் பார்க்கலாம். “அம்மா!” என்று அது கூப்பிடும்வரை பலிக்கும்.

5. மூக்கில் ஜவ்வரிசி ஏறினால்

இந்தச் சமவெளி முழுக்கக் குச்சிக்கிழங்குக் காடு. கிழங்கு ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது; அதை விற்றுக் கொடுக்கச் சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. ஆகவே இந்தப் பக்கம் எந்த அடுக்களையிலும் ஜவ்வரிசி இருக்கும். பாயசத்துக்கு எடுத்து வைத்ததில் ஒன்று குறைந்தால், பிள்ளையின் மூக்கைப் பார்க்கவும்.

செய்யக்கூடாதவை: கொண்டை ஊசி, பட்ஸ், விரல். இவை உள்ளே தள்ளத்தான் உதவும். தண்ணீர் விட்டால் ஜவ்வரிசி ஊறிப் பெருக்கும். பாயசத்தில் அது நல்லது, மூக்கில் நல்லதல்ல. மிளகுப்பொடி காட்டித் தும்ம வைக்கும் பெரியப்பாவைத் திண்ணையோடு நிறுத்தவும். தும்முவதற்கு முன் பிள்ளை மூச்சை உள்ளேதான் இழுக்கும்.

செய்யவேண்டியது: மருத்துவரிடம் போகவும். அங்கே ஒருவேளை தாயையே மருத்துவராக்கிவிடுவார்கள். காலியான மூக்கு ஓட்டையை விரலால் அடைத்து, பிள்ளையின் வாயோடு வாய் வைத்துத் தாய் ஒரே ஊது ஊதினால், அடைத்த பொருள் மறுபக்கம் வெளியே வரும். 1965-லேயே அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதி வைத்த முறை இது; தாய் முத்தம் என்று மருத்துவ உலகில் பெயர். பிள்ளைக்கு முத்தம் கிடைத்ததாகவே நினைப்பு. அதனால் மறுநாள் இன்னொரு ஜவ்வரிசியை எடுக்கும். டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றவும்.

6. பள்ளியில் விடும் நாள்

பிள்ளை வாசலில் அழும். விட்டுவிட்டு நகர்ந்தால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். நகராமல் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மறுபடி தொடங்கும். பெரும்பாலும் அழுகையை நீட்டிப்பது சன்னலில் தெரியும் அந்தத் தலைதான். அது யாருடையது என்று ஆசிரியைக்குத் தெரியும், நாகரிகம் கருதிச் சொல்வதில்லை.

திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி வந்தால் வம்சத்தைச் சந்தேகிக்க வேண்டாம். தன் பெயரின் முதல் எழுத்தில் நம் ராசிபுரத்தைச் சுமந்த ஆர்.கே. நாராயண், 1935-ல் வெளிவந்த தன் முதல் நாவலையே திங்கட்கிழமை பிடிக்காத ஒரு பையனை வைத்துத்தான் தொடங்கினார். வயிற்றுவலிக்காரர்களில் சிலர் உலகப் புகழ் பெறுகிறார்கள். மற்றவர்கள் பதினொரு மணிக்குச் சரியாகி, தெருவில் டயர் உருட்டப் போகிறார்கள்.

7. பிழை திருத்தம்: அழுக்கா, ஆபத்தா?

இதுவரை சொன்ன எதையும் நீங்கள் செய்யாவிட்டாலும் பிள்ளை வளர்ந்துவிடும். சுவரில் கிறுக்கினால் பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொள்ளலாம். செம்மண்ணில் புரண்டால் குளிப்பாட்டலாம். மாவுக் குண்டானில் கை விட்டால் அந்த மாவில் ஊற்றிய தோசை அப்பாவுக்கு. நாள் முழுக்க “தொடாதே, ஏறாதே, போகாதே” என்று எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கத்தினால், உண்மையில் ஆபத்து வரும்போது அந்தக் குரல் பிள்ளையின் காதில் ஏறாது. கத்தலைச் சேமித்து, கீழே உள்ளவற்றுக்கு மட்டும் செலவிடவும்.

முழு நிலக்கடலை: ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். இடித்தோ அரைத்தோ கொடுக்கலாம்.

பட்டன் பேட்டரி: விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும். “நாளைக்கு வெளிக்கு வந்துரும்” என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவும்.

பூச்சிமருந்து, மண்ணெண்ணெய்: காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது, கட்டணம் இல்லை.

தண்ணீர்: கைப்பிடிச் சுவரில்லாத கிணறு மட்டுமல்ல, அரை வாளித் தண்ணீரும் தவழும் பிள்ளைக்கு ஆழம்தான். பயன்படாத ஆழ்துளைக் கிணற்றை மூடியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டது. உங்கள் காட்டில் ஒன்று திறந்து கிடந்தால், இந்தக் கையேட்டைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் மூடவும்.

கடைசியாக, நெடுஞ்சாலை. லாரி காட்டிச் சோறூட்டிப் பழகிய பிள்ளை லாரியைத் தேடித்தான் ஓடும். முட்டை இன்றைக்கு இறங்காவிட்டால் நாளைக்கு இறங்கும். வாசல் கதவின் தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எட்டினால் இரண்டு முழம் மேலே ஏற்றி அடியுங்கள்.